கீழக்கரை நஃபீசாவும் பழுப்பேறிய செல்களும்

நஃபீசா என்ன வேலை பார்க்கிறாள் என்று கீழக்கரையில் அவள் தெருவில் கேட்டால், "லேப்புல ரத்தம் எடுக்குற புள்ளை" என்பார்கள். அவள் கடைசியாக ஒருவர் கையில் ஊசி குத்திப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். தொடக்கத்தில் திருத்திப் பார்த்தாள். "ரத்தம் இல்ல மாமி, சதை. ஆபரேசன்ல எடுக்குற கட்டிய மெலிசாச் சீவி, கண்ணாடியில ஒட்டி, சாயம் போட்டுக் கொடுப்போம். டாக்டர் அதைப் பார்த்துட்டு என்ன நோவுன்னு சொல்லுவாரு." கேட்டவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேச்சை மாற்றினார்கள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

அந்த வேலையை அவள் கற்றது மஸ்கட்டில். கல்யாணத்துக்கு முன்பே மதுரையில் லேப் டெக்னீசியன் படிப்பு முடித்திருந்தாள். கணவன் அப்துல் ஹமீது அங்கே ஒரு பெரிய கடையின் சரக்குக் கிடங்கில் இருந்தான். அவள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. திசுப் பிரிவில் ஆள் நிற்பதில்லை. திசு கெடாமலிருக்க ஊறவைக்கும் பார்மலினின் நெடி கண்ணைக் கரிக்கும், நாளெல்லாம் நின்றபடி வேலை. புதிதாக வந்தவளை அங்கே தள்ளினார்கள். நஃபீசாவுக்கு அந்த இடம் பிடித்துப் போயிற்று. மெழுகில் பதித்த திசுவை இயந்திரத்தில் சீவும்போது ரிப்பன் போலச் சுருளாமல் நீண்டு வருமே, அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்துவதில் அவளுக்கு ஒரு ருசி. சில வருஷங்களில், கடினமான சாயவேலை எதுவானாலும் "நஃபீசாகிட்ட கொடுங்க" என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள்.

மகள் தஸ்னீம் மேல் வகுப்புக்கு வந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. "நீ புள்ளையக் கூட்டிட்டுப் போ. நான் இன்னும் கொஞ்ச காலம் இருந்துட்டு வாரேன்" என்றான் ஹமீது. திரும்பியவள் ராமநாதபுரத்தில் டாக்டர் காளீஸ்வரனின் லேப்பில் சேர்ந்தாள். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவாள்.

காளீஸ்வரன் பரமக்குடிக்காரர். அதிகம் பேசமாட்டார். சுற்று வட்டாரத்தில் அறுவை சிகிச்சையில் எடுக்கிற கட்டி, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் அவர் மைக்ராஸ்கோப்புக்குத்தான் வரும். பாதிக்கு மேல் மகப்பேறு மருத்துவர் சத்யப்பிரியா அனுப்புபவை. வழக்கமான சிவப்பும் நீலமுமான சாயத்தில் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும். சிலது பிடிபடாது. புற்றுநோய் என்பது வரை தெரியும். எந்த வகை, எந்த இடத்தில் தொடங்கியது என்று தெரியாது. கர்ப்பப்பையின் வாயில் தொடங்கியதற்கு ஒரு சிகிச்சை, உள்ளே தொடங்கியதற்கு வேறு சிகிச்சை. அப்படிப்பட்டவற்றை மெழுகுக் கட்டியாகவே சென்னைக்கு கூரியரில் அனுப்புவார். பதில் வர வாரக்கணக்கில் ஆகும்.

ஒரு நாள் சத்யப்பிரியா நேரில் வந்தார். ராமேஸ்வரத்தில் சங்கு, பாசிமணி விற்கிற ஒரு அம்மாவைப் பற்றிக் கேட்டார். சென்னை ரிப்போர்ட் வந்துவிட்டது. அந்த அம்மா வரவில்லை.

"போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாங்க சார். மூணு வாரம் கழிச்சு வாங்கன்னு சொன்னோம்ல, அதுக்குள்ள யாரோ நாட்டு மருந்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாலு நாள்ல கையில ரிப்போர்ட் கொடுத்திருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்."

காளீஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து மேசையில் ஸ்லைடுக்கு எண் போட்டுக்கொண்டிருந்த நஃபீசா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"சார், சென்னையில செய்ற அந்த மார்க்கர் டெஸ்ட்டை இங்கயே செய்யலாம். மஸ்கட்ல மெசின்ல செஞ்சோம். மெசின் ரிப்பேரான நாள்ல கையாலயும் செஞ்சிருக்கேன்."

"கையாலயா?"

"கையால செய்றதுதான் சார் நல்லாத் தெரியும் எனக்கு."

அப்படித்தான் தொடங்கியது. உடம்பின் ஒவ்வொரு வகைச் செல்லும் தனக்கென்று சில புரதங்களை வைத்திருக்கும். புற்றுநோயாக மாறிய பின்னும் பிறந்த வீட்டுப் புரதத்தை அது முழுக்க விடுவதில்லை. மார்க்கர் என்பது அந்தப் புரதம். அதை மட்டும் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி மருந்தைத் திசுவின்மேல் சொட்டி, பிடித்த இடத்தில் பழுப்பு நிறம் ஏறும்படி செய்வதுதான் சோதனை. கேட்க எளிது. செய்யும்போது சூடு சற்று மிஞ்சினால் திசு கண்ணாடியை விட்டுக் கழன்று போகும். குறைந்தால் புரதம் வெளிப்படாது. சொட்டு காய்ந்தால் கண்டபடி பழுப்பேறிப் பொய் சொல்லும்.

சத்யப்பிரியாவிடம் கேட்டு, பெண்களின் புற்றுநோய்க்கு முதலில் எந்த மார்க்கர்கள் தேவையென்று காளீஸ்வரன் முடிவு செய்தார். மருந்துகள் ஐஸ் பெட்டியில் வந்தன. திசுவைச் சூடாக்க நஃபீசா கடைத்தெருவில் ஒரு பிரஷர் குக்கர் வாங்கினாள். "எத்தனை பேருக்குச் சமைக்கணும்மா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "சமைக்கிறதுக்கு இல்லண்ணே" என்றாள், அவர் விழித்தார். ஊர்த் தண்ணீரின் உப்பு எதையும் கெடுக்கும் என்பதால் கழுவக்கூட காய்ச்சி வடித்த தண்ணீரைக் கேனில் வாங்கினாள். ஒவ்வொரு முறையும் நோயாளியின் ஸ்லைடோடு, கட்டாயம் பழுப்பேறும் என்று தெரிந்த ஒரு திசுவையும் சேர்த்துச் சாயமேற்ற வேண்டும். அது பழுப்பேறினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்பலாம். அதற்குப் பெயர் கண்ட்ரோல். அப்படிச் சில திசுக்களை காளீஸ்வரனின் மதுரை நண்பர் ஒருவர் கொடுத்தார். ஒரு மார்க்கருக்கு நஞ்சுக்கொடித் திசு வேண்டியிருந்தது. சத்யப்பிரியாவின் பிரசவ அறையில் அதற்கா பஞ்சம்?

பழகிப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் துர்காதேவியின் கட்டி வந்தது.

துர்காதேவிக்கு வயது பத்தொன்பது. ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம் கிராமம். அப்பா முனியசாமிக்குக் கண்மாய்ப் பாசனத்தில் நெல் வயல். பெண் கல்லூரி வாலிபால் அணியில் ஆடுபவள். வயிறு கனக்கிறது என்று போனவளுக்கு வலப்பக்கச் சினைப்பையில் தேங்காய் அளவு கட்டி. அவசரமாக ஒரு நர்சிங் ஹோமில் சத்யப்பிரியா அறுவை செய்து, அந்தப் பக்கத்துச் சினைப்பையை மட்டும் எடுத்தார். மற்றதையும் கர்ப்பப்பையையும் தொடவில்லை. கட்டி முழுசாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பார்மலினில் மிதந்து லேப்புக்கு வந்தது.

முதல் ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டுக் காளீஸ்வரன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"புற்றுநோய்தான்," என்றார் நஃபீசாவிடம். "சினைமுட்டைக்கு ஆதியான செல்லுல இருந்து வர்ற ஜெர்ம் செல் கட்டின்னு நினைக்கிறேன். சின்னப் பொண்ணுகளுக்கு வர்றது. அதுவா இருந்து, வேற எங்கயும் பரவாம இருந்தா, எடுத்ததே போதும். ஆனா திசு பல இடத்துல நல்லா இல்ல. வேற ரெண்டு வகையும் இதே மாதிரி தெரியும். எனக்குத் தொண்ணூறு சதம் நிச்சயம். அந்தப் பொண்ணு வயசுக்கு, மிச்சப் பத்தை விட்டுட்டுக் கையெழுத்துப் போட முடியாது."

"மார்க்கர் போட்டுப் பாத்துரலாம் சார்."

"போடுங்க. இதுதான் நமக்கு முதல் நிஜக் கேஸ்."

நஃபீசா பொதுவாக நோயாளியின் வீட்டாரைப் பார்ப்பதில்லை. அன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது, வரவேற்பில் ஒருவர் தோளில் துண்டோடு நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"தாயி, எம்மக துர்காதேவியோட கட்டி இங்கனதான் இருக்குன்னாக. நீங்கதான் பாக்குறீகளா?"

"பார்த்துச் சொல்றது டாக்டர்ங்க. நான் அதுக்கு வேண்டிய வேலை செய்றவ."

"எம்மச்சினன் பாண்டித்துரை மதுரையில இருக்கான். எல்லாத்தையும் எடுத்துரச் சொல்லுங்க மாமா, உசுரு முக்கியம்கிறான். டாக்டரம்மா, பொறுங்க, ரிப்போர்ட் வரட்டும்கிறாக. யாரு சொல்றத நான் கேக்க?"

நஃபீசா கையைத் துடைத்துக்கொண்டு அவர் அருகில் வந்தாள். "டாக்டரம்மா சொல்றதைக் கேளுங்க. சீக்கிரம் சொல்லிருவோம்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே வந்தபோது, மஸ்கட்டில் அத்தனை வருஷம் சாயமேற்றிய ஆயிரமாயிரம் ஸ்லைடில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஓர் ஆள் துண்டோடு நின்றிருப்பார் என்று முதல்முறையாகத் தோன்றியது.

முதல் முயற்சி சரிவரவில்லை. நஞ்சுக்கொடித் திசு அழகாகப் பழுப்பேறியது. மதுரையிலிருந்து வந்த திசுக்களும் அப்படியே. மருந்தில் குறையில்லை. துர்காதேவியின் திசு மட்டும் ஓரத்தில் அழுக்குப் பிடித்தாற்போல் தீற்றலாகவும் நடுவில் வெளுத்தும் கிடந்தது. எதுவும் சொல்ல முடியாது.

காளீஸ்வரன் பழைய ஸ்லைடை மறுபடி எடுத்து வைத்தார். "இங்க பாருங்க. செல்லோட உட்கருவே மங்கிக் கிடக்கு. செத்த திசு இது."

நஃபீசா பார்த்தாள். "சார், இது எந்த இடத்துல எடுத்த துண்டு?"

"நடுவுல."

இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கட்டியைக் கீறாமல் முழுசாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பார்மலின் மேலே ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். உள்ளே போய்ச் சேருமுன் நடுப்பகுதி கெட்டுவிட்டது. கெட்ட திசுவில் புரதத்தைத் தேடி என்ன பயன்?

"ஓரத்துல நல்லாப் பிடிச்ச இடம் இருக்கும் சார். நான் டப்பாவைத் திறக்கிறேன். நீங்க இடம் காட்டுங்க."

இருவரும் சேர்ந்து மீதமிருந்த கட்டியைப் பார்த்தார்கள். வெளித்தோலையொட்டி, வெளிர் மஞ்சளில் உறுதியாக ஒரு பட்டை இருந்தது. காளீஸ்வரன் அதிலிருந்து நான்கு துண்டுகள் எடுத்துக் கொடுத்தார். நஃபீசா மெழுகில் பதிப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினாள். அந்த இரண்டு நாளும் ஒரு வேலையையும் அவள் வேறு கைக்கு விடவில்லை. சீவிய ரிப்பனில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் எறிந்துவிட்டு அடுத்ததைச் சீவினாள். குக்கர் சூடேறும்போது கரண்ட் போய்விடக் கூடாதே என்று, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று வாட்ச்மேனிடம் இரண்டு தடவை கேட்டாள். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் முதல் சொட்டை விட்டாள்.

மறுநாள் பிற்பகல். கடைசிச் சொட்டு விட்டு, நிறம் ஏறுவதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெளிறிய செல்களின் உட்கருவில் தேநீர்க் கறை போல லேசாக ஒரு நிறம். பார்க்கப் பார்க்க அது அடர்ந்தது. ஒவ்வொரு உட்கருவும் தனித்தனியாக, விளிம்பு பிசகாமல் பழுப்பாயிற்று. நடுநடுவே கிடந்த சின்னச் சின்ன வெள்ளையணுக்களில் நிறமே இல்லை. ஏறவேண்டியதில் ஏறி, கூடாததில் ஏறாமல் நின்றது. அவள் சட்டென்று தண்ணீரில் முக்கி நிறத்தை நிறுத்தினாள்.

எல்லா ஸ்லைடையும் வரிசையாகத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜெர்ம் செல்லுக்கான மூன்று மார்க்கர்களும் பழுப்பு. மற்ற இரண்டு வகைக்கானவை கட்டிச் செல்களில் வெறுமை. காளீஸ்வரன் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"நஃபீசா, இப்படி உட்கார்ந்து நீங்க ஒரு தடவை பாருங்க."

"பார்த்துட்டுத்தான் சார் கொண்டு வந்தேன்."

"தெரியும். இப்ப என் நாற்காலியில உட்கார்ந்து பாருங்க. இதைப் புத்தகத்துல அச்சடிக்கலாம்."

அவள் உட்கார்ந்து பார்த்தாள்.

முதல் கேஸ் என்பதால் டாக்டர் அதோடு நிற்கவில்லை. அதே மெழுகுக் கட்டியைச் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கும் அனுப்பினார். ஆனால் அந்தப் பதிலுக்குக் காத்திருக்காமல், தன் ரிப்போர்ட்டை எழுதிக் கையெழுத்திட்டு அன்றைக்கே சத்யப்பிரியாவுக்குப் பேசினார். சென்னையிலிருந்து வந்த பதிலும் அதையே சொன்னது. சாயமேற்றிய விதம் நன்றாக இருக்கிறது, எந்த மெசின் என்று அங்கே இருந்த டாக்டர் போனில் விசாரித்தாராம். "மெசின் இல்ல, எங்க நஃபீசா" என்றாராம் காளீஸ்வரன். இதை அவரே வந்து சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாகச் சொந்தப் பேச்சு வந்து லேப்பில் யாரும் கேட்டதில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் ஹமீதுக்கு வீடியோ கால் போட்டாள். யார், எந்த ஊர் என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள்.

"அப்ப அந்தப் புள்ளை பொழைச்சிரும்ல?"

"இன்ஷா அல்லாஹ். இன்னொரு ஆபரேசன் வேணாம்னு முடிவாயிருச்சு மச்சான். ஸ்கேன்ல வேற எங்கயும் ஒண்ணும் இல்ல. மருந்து கூட இல்லாம, அப்பப்ப வந்து பாத்தாப் போதும்னு மதுரையில பெரிய டாக்டர்களும் சொல்லிட்டாக. நாளைக்கு அதுக்குக் கல்யாணம் ஆனா, புள்ளை பெத்துக்கலாம்."

"அல்ஹம்துலில்லாஹ். நீ சமைச்சியா, ஓட்டல்ல வாங்குனியா இன்னைக்கு?"

"வாங்கிட்டேன். தஸ்னீமுக்கு பரோட்டா."

"நல்லதாப் போச்சு. இன்னைக்கு நீ அடுப்படிக்குப் போகக் கூடாது" என்றான் அவன். மறுநாள் கிடங்கில் கூட வேலை பார்க்கிற எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான் என்பது பிறகு தெரிந்தது.

நடுவில் கெட்டுக் கிடந்த அந்தத் திசு மட்டும் நஃபீசாவின் மனத்தை விட்டுப் போகவில்லை. இந்தத் தடவை ஓரத்தில் நல்ல இடம் கிடைத்தது. கிடைக்காதிருந்தால்? மார்க்கர் சோதனை லேப்பில் தொடங்குவதில்லை, கட்டி உடம்பைவிட்டு வெளியே வந்த நிமிஷமே தொடங்கிவிடுகிறது என்று டாக்டரிடம் சொன்னாள். "அப்ப அங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் போன் பண்ணி வச்சிடுறேன்" என்றார் அவர். வாரத்தில் ஒரு நாள் அதற்கென்று ஒதுக்கினார்.

பரமக்குடி, மண்டபம், ராமேஸ்வரம் என்று ஆபரேசன் நடக்கிற நர்சிங் ஹோம்களுக்கெல்லாம் பஸ் ஏறினாள். பையில் அகன்ற வாய் கொண்ட டப்பாக்களும், அளவாகக் கலந்த பார்மலினும் இருக்கும். மண்டபத்தில் ஆபரேசன் தியேட்டர் நர்சாக இருந்த சேதுலட்சுமி மீனவர் வீட்டுப் பெண். நஃபீசா அங்கே விளக்கினாள்.

"கட்டி பெருசா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு நடுவுல ஒரு கீறல் போட்டு வைங்க. இல்லாட்டி மருந்து உள்ள இறங்காது."

"பெரிய மீனைக் கீறாம ஐஸ்ல போட்ட கணக்குத்தான்," என்றாள் சேதுலட்சுமி. "மேல பளபளன்னு இருக்கும், உள்ள நாறிப் போயிருக்கும்."

நஃபீசா சிரித்துவிட்டாள். அடுத்த ஊர்களிலெல்லாம் அதையே சொன்னாள். அதைக் கேட்ட பிறகு யாரும் மறுபடி விளக்கம் கேட்கவில்லை. கொஞ்ச காலத்தில், வந்து இறங்குகிற கட்டிகளைப் பார்த்தே எந்த ஊர் தியேட்டர் சொன்னபடி செய்கிறது என்று தெரிந்தது. மாதாமாதம் சென்னைக்குப் போகும் கூரியர் குறைந்தது. கர்ப்பப்பை வாயா, உள்ளா என்று தெரியாத கேஸ்கள் அந்த வாரத்துக்குள்ளேயே தீர்ந்தன. ராமேஸ்வரத்துச் சங்குக் கடை அம்மாவை சத்யப்பிரியா விடாமல் தேடிப் பிடித்து, மதுரையில் சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டார். தாமதம்தான், ஆனாலும் சேர்ந்துவிட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலை, முனியசாமியும் மகளும் லேப்புக்கு வந்தார்கள். சத்யப்பிரியாவிடம் சோதனைக்கு வந்தவர்கள். ஸ்கேன், ரத்தம் எல்லாம் சரியாக இருந்தது. துர்காதேவி நல்ல உயரம். பல்கலைக்கழக அணிக்கு ஆடப்போவதாகச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு ஒரு ஆசை. அதைப் பாக்கலாமா?"

"எதை?"

"எனக்குள்ள இருந்ததை. எல்லாரும் அதைப் பத்திப் பேசுனாக. நான் மட்டும் பாத்ததே இல்ல."

நஃபீசா டாக்டரைக் கேட்டாள். அவர் தலையசைத்தார். அலமாரியிலிருந்து ஸ்லைடை எடுத்துப் பொருத்தி, அவளை உட்காரவைத்தாள். துர்காதேவி கண்ணை வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை.

"பழுப்பு பழுப்பா புள்ளி. அதுதானா?"

"அதுதான். அந்தப் பழுப்பு தெரிஞ்சதாலதான் இது என்ன வகைன்னு டாக்டர் சொன்னாரு."

"கோரமா இருக்கும்னு நினைச்சேன். கோலம் போட்ட மாதிரில்ல இருக்கு." கண்ணை எடுத்து நஃபீசாவைப் பார்த்தாள். "இந்தக் கலரு நீங்க போட்டதாக்கா?"

யார் கேட்டாலும் டாக்டரைக் கைகாட்டிவிட்டு நகர்கிறவள் நஃபீசா. அன்று நகரவில்லை.

"ஆமா," என்றாள். "நான்தான் போட்டேன்."

முனியசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஆத்தா, நகரு. நானும் ஒருக்கா பாக்குறேன்." குனிந்து ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே தாயி. என் கண்ணு ரோமம்தான் தெரியுது."

"ரொம்ப ஒட்டாதீங்கண்ணே. கொஞ்சம் பின்னாடி வாங்க. ரெண்டு கண்ணையும் திறங்க," என்று சொல்லி, நஃபீசா அவருக்காகக் குமிழைத் திருகிப் படத்தைத் தெளிவாக்கினாள்.